கறை போன ஏப்ரன்

என்ர ஆசை றெஜினா அக்காவுக்கு,

அங்கை குளிருதோ? இஞ்சை ஐப்பசி முடிய முதலே இலையெல்லாம் கொட்டிப்போட்டுது. நீங்கள் இருந்திருந்தால் இப்ப ரெண்டு சோடி காலுறையைப் போட்டுக்கொண்டு, "இந்தக் கோதாரி விழுந்த குளிருக்கை என்னை ஆர் கொண்டுவந்து விட்டது" எண்டு ஒஸ்லோ முழுக்கக் கேக்கக் கத்தியிருப்பீங்கள். பஸ்ஸிலை உங்கட சத்தம் இல்லாமல் எனக்கு இன்னும் பழகேல்லை.

உங்களுக்கு நான் கடிதம் எழுதிறது இதுதான் முதல்தரம். உயிரோடை இருக்கேக்கை என்னத்துக்குக் கடிதம்? ஒரே பஸ்ஸிலை வேலைக்குப் போய் ஒரே பஸ்ஸிலை திரும்பி வந்தனாங்கள். பதினாறு வருசம் கதைச்சும் கதை முடியேல்லை. ஆனால் ஒரு கதையை மட்டும் ரெண்டுபேரும் எடுக்காமலே விட்டிட்டம். அதை இப்ப எடுக்கப்போறன். இதை எங்கட நாடகக்குழுவின்ர இதழிலை போடச்சொல்லியும் குடுக்கப்போறன். எல்லாரும் வாசிக்கட்டும். நீங்கள் செய்யாத பிழை பதினாலு வருசமா உங்கட பேரிலை கிடக்கு, அதை எடுக்கவேணும்.

முதல் நல்ல செய்தி. உங்கட நாடகம் மேடையேறிட்டுது! ரெண்டு கிழமைக்கு முந்தி, இஞ்சை பியோர்ண்டால் மண்டபத்திலை. மூண்டு மணிக்கெண்டு அறிவிச்சு நாலேகாலுக்குத் தொடங்கினது, அதிலை ஒரு குறையும் வைக்கேல்லை. சனம் நிறைஞ்சு பின்னாலையும் நிண்டது. இடைவேளைக்குச் சாப்பிட வைச்ச றோல்ஸ் அதுக்கு முதலே முடிஞ்சுபோச்சு, அதாலை ரெண்டு குடும்பம் கோவிச்சுக்கொண்டு போட்டுது.

நீங்கள் மாசியிலை கண்ணை மூடினாப் பிறகு, "இனி ஆர் இதைச் செய்யிறது, விடுவம்" எண்டு எல்லாரும் கையை விரிச்சுப்போட்டினம். உங்கட மகள் யூடித் மட்டும் விடேல்லை. நீங்கள் தமிழிலை எழுதிவைச்ச நாடகக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையிலை அடிச்சு வைச்சாள். "அம்மா முடிக்காமல் விட்ட வேலை இது ஒண்டுதான்" எண்டாள். தாயின்ர கொதி அப்பிடியே இருக்கு அவளிட்டை.

வாசிக்கிற ஆக்களுக்காண்டி அந்த நாடகம் எங்களிட்டை எப்பிடி வந்ததெண்டு சொல்லவேணும். நோர்வேக்கு வரமுதல் நீங்கள் ஜேர்மனியிலை ஒரு நாடக அரங்கிலை துப்புரவு வேலை செய்தனீங்கள். ஒத்திகை நடக்கேக்கை கதிரையளுக்கு நடுவிலை தும்புத்தடியோடை நிண்டு பாத்தது, நூறு வருசத்துக்கு மேலை பழைய ஒரு ஜேர்மன் நாடகம். ராசா இல்லை, ராணி இல்லை, பாட்டும் இல்லை. நிலவறைக்குள்ளை ஊராற்றை உடுப்புத் தோய்க்கிற பொம்பிளையளின்ர கதை. "மேடையிலை உண்மையா உருளைக்கிழங்கு உரிக்கினமடி! உண்மையா ஆவி பறக்குது! ஒருத்தி சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுகிறாள், ஆருக்கும் அது மரியாதைக்குறைவாத் தெரியேல்லை!" எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பீங்கள். கூத்துக்குள்ளை வளந்த உங்களுக்கு, எங்களைப்போல ஆக்களையும் அப்பிடியே மேடையிலை நிப்பாட்டலாம் எண்டது பெரிய புதினம்.

கதை இதுதான். பெர்த்தா எண்டொருத்தி, வருத்தக்காரப் பிள்ளையின்ர உடுப்பைக் காயவைக்கவெண்டு, வைக்கக்கூடாத இடத்திலை, அடுப்புக்குக் கிட்டக் களவாக் கொழுவிப்போட்டுப் போறாள். தீப்பிடிச்சு அடுப்புப் பாக்கிற கிழவன் சாகிறான். அவனை இழுத்தெடுக்கப் போனதிலை அவன்ர ரத்தம் அவளின்ர ஏப்ரனிலை படுகுது. பழி, அண்டைக்கு அறை பூட்டவேண்டிய மார்த்தாவிலை விழுகுது. மார்த்தாவைப் பிடிச்சு மறியலிலை அடைக்கினம். பெர்த்தாவுக்கு வேறை ஏப்ரன் இல்லை. பத்துப்பேர் நிக்கிற இடத்திலை ரத்தத்துணியைத் தண்ணியிலை போடவும் பயம். கறையை உள்ளுக்கு மடிச்சுக் கட்டிக்கொண்டு வேலைசெய்யிறாள். கடைசியிலை ஒரு பொலிஸ்காரன் வாறான், மடிப்பு விழுகுது, "இதென்ன கறை?" எண்டு கேக்கிறான். அவள் உடைஞ்சுபோய் எல்லாத்தையும் சொல்லுறாள்.

"மலர், பெர்த்தா நீதான்" எண்டு நீங்கள் சொன்ன அண்டைக்கு நான் கொப்பியை உங்களிட்டைத் திருப்பித் தள்ளினன். வசனம் கன நீளம், எனக்கு ஏலாது எண்டு சாட்டுச் சொன்னன். "விசர்க்கதை கதையாதை, உனக்கு ஏலும்" எண்டுபோட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சீங்கள். என்ர முகத்தை நிமிந்து பாக்கவும் இல்லை. தெரிஞ்சுதான் தந்தீங்களோ அக்கா?

சரி, இனி அந்தக் கதை.

பதினாலு வருசத்துக்கு முந்தி நாங்கள் ரெண்டுபேரும் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற ஒரு லோண்டரியிலை வேலை. ஊத்தைத்துணி தரம்பிரிக்கிற ஆக்கள் விடிய வந்து ரெண்டு மணிக்குப் போகலாம். மடிக்கிற ஆக்கள் பின்னேரம் அஞ்சு மணி மட்டும் நிக்கவேணும். அண்டைக்கு லிஸ்ற்றிலை தரம்பிரிக்கிறது நீங்கள், மடிக்கிறது நான். என்ர சின்னவள் போன பாலர்பள்ளி, பார்னெஹாகே, அண்டைக்கு வெள்ளெனப் பூட்டுறதெண்டு எனக்கு முதல்நாள் பின்னேரம்தான் தெரியும். பிள்ளையைக் கூப்பிட வேறை ஆளில்லை. "அக்கா, இடம் மாறுவமோ?" எண்டு கேட்டன். "ஓம் மாறு, இதுக்கென்ன" எண்டீங்கள். பொறுப்பாளருக்குச் சொல்லேல்லை. அது எங்கட ஆக்களின்ர பழக்கம்தானே. வாயாலை மாறிக்கொள்ளுவம், பேப்பரிலை பேர் கிடந்தபடி கிடக்கும். அண்டைக்கு ரெண்டு அறையிலையும் தனித்தனி ஆள்தான், மாறினதைக் கண்டவை ஒருத்தரும் இல்லை.

தரம்பிரிக்கிற ஆள் ஒவ்வொரு வெள்ளைக்கோட்டுப் பொக்கற்றுக்குள்ளையும் பாத்துத்தான் விடவேணும். கடைசித் துணிவண்டிலை நான் பாக்கேல்லை. பஸ் போயிடும் எண்ட அந்தரத்திலை அப்பிடியே தள்ளிவிட்டிட்டு ஓடினனான். அங்காலை ஈரக்கோட்டுகளை இழுத்துப் பிரிச்ச செலாமின்ர வலது உள்ளங்கையிலை ஒரு கத்தரிக்கோல் ஏறிச்சுது. செலாம், அந்த எரித்திரியாப் பிள்ளை. நரம்பு அறுந்து, அவளின்ர ரெண்டு விரல் இண்டைக்கும் மடங்காது.

அடுத்தநாள் விசாரணை. லிஸ்ற்றிலை உங்கட பேர். உடுப்பு மாத்திற அறைக்குள்ளை என்னை இழுத்துக்கொண்டு போய் என்ன சொன்னீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ? "எனக்கு நிரந்தர வேலை, ஏச்சு விழும், எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். உனக்கு இன்னும் நிரந்தரமாக்கேல்லை. வேலை போனால் கொழும்பிலை நிக்கிற உன்ர மனுசனைக் கூப்பிட ஏலாது. வாயைப் பொத்திக்கொண்டிரு." நான் பொத்திக்கொண்டிருந்தன். ஒரு தரமாவது "இல்லை அக்கா, நான் சொல்லுறன்" எண்டு சொன்னனானோ? சும்மா மரியாதைக்கெண்டாலும்? சொல்லேல்லை.

உங்களுக்குக் கடிதம் வந்ததோடை முடியேல்லை. அந்த வருசம் உங்களைப் பொறுப்பாளராக்க இருந்ததும் இல்லாமல் போச்சு. அதையும் நீங்கள் பெரிசா எடுக்கேல்லை. செலாம்தான் உங்களை உலுப்பிப்போட்டாள். ஒரே மேசையிலை உங்கட இடியப்பத்தையும் அவளின்ர ஊர் அப்பம் இஞ்செராவையும் பகிர்ந்து சாப்பிட்ட பிள்ளை, கைக்காயம் ஆறி வேலைக்கு வந்தாப் பிறகு உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். நான்? நான் அவளுக்குப் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சனான். அவள் உங்களைப் பேசப்பேசக் கேட்டுக்கொண்டு இருந்தனான்.

எனக்கு வேலை நிரந்தரமாச்சு. என்ர மனுசன் சுதனும் கொழும்பிலை இருந்து வந்து சேந்தார். பேந்து சொல்லுவம், பேந்து சொல்லுவம் எண்டு சின்னவள் பள்ளிக்கூடமும் முடிச்சுப்போட்டாள். போன வருசம் இஞ்சை ஒஸ்லோவிலை, குறொன்லாண்டுப் பக்கம் ஒரு கடையிலை செலாமைக் கண்டன். இடக்கையாலை வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிண்டாள். ஐம்பது வயசு மனுசி நான், அரிசி மூட்டையளுக்குப் பின்னாலை போய் ஒளிச்சன். வெக்கக்கேடு.

ஆஸ்பத்திரியிலை கடைசியாக் கிடக்கேக்கை நீங்கள் ஒருநாள், "செலாம் என்னை வந்து பாப்பாளோ?" எண்டு கேட்டீங்கள். "வருவாள் அக்கா" எண்டன். வரமாட்டாள் எண்டு தெரிஞ்சும் சொன்னன். செத்தவீட்டுக்கும் அவள் வரேல்லை. உங்கட பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு நான் அழுததிலை பாதி அதுக்குத்தான். ஆருக்குத் தெரியும் அது?

இப்ப நாடகத்துக்கு வாறன். இதிலை நீங்கள் சிரிப்பீங்கள்.

உடுப்புப் பொறுப்பு எங்கட சறோ அக்கா. அவவும் அந்தக் காலத்திலை எங்களோடை லோண்டரியிலை நிண்டவ எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யூடித் பீற்றூட் சாறும் தேத்தண்ணிச் சாயமும் கலந்து, ஒரு கிழமை காயவைச்சு, அந்த ஏப்ரனிலை நல்ல ரத்தக்கறை ஒண்டு செய்து வைச்சிருந்தாள். உண்மையான ரத்தம் தோத்துப்போகும். சறோ அக்கா என்ன செய்தவ? நாடகத்துக்கு முதல்நாள் எல்லா உடுப்பையும் வீட்டை கொண்டுபோய்த் தோய்ச்சு, கஞ்சி போட்டு, மினுக்கி, அடுக்கிக்கொண்டு வந்திட்டா! "மேடையிலை விளக்கேத்திறம். ஊத்தை ஏப்ரனோடை ஆரும் ஏறுறதோ? என்ர கையாலை அப்பிடி விடமாட்டன்." ஊத்தையா இருக்கவேண்டிய மேடைத் தரையையும் ரெண்டு பேர் துடைச்சு மினுக்கி வைச்சிருந்தினம். துப்புரவு வேலைக்காரரை வைச்சு ஊத்தை நாடகம் போட்டால் வேறை என்ன நடக்கும்?

எனக்குத் தெரியாது. கறைப்பக்கம் உள்ளுக்கு மடிச்சபடிதானே கட்டிறது. சவுக்கார வாசம் வந்ததுதான், ஆனால் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு நிண்டதிலை கவனிக்கேல்லை. "ஸ்லப் ஆவ், அன்ரி" எண்டு யூடித் என்ர தோளைத் தட்டிப்போட்டு, கொப்பியோடை பக்கத்திரைக்குப் பின்னாலை போய் நிண்டாள். ஆறுதலா இருக்கட்டாம். சொல்லுறது சுகம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. உருளைக்கிழங்கு உரிச்சம், ஆவி பறந்தது. நான் சனத்துக்கு முதுகைக் காட்டேக்கை ஒரு சின்னப்பிள்ளை "அம்மா, அன்ரி கோவமோ?" எண்டு கேட்டுது. கடைசிக் காட்சி வந்தது. பொலிஸ்காரன் எங்கட தேவன் அண்ணை, பஸ் ஓட்டுறவர். மேசையைத் துடைக்கிற சாட்டிலை நான் மடிப்பை விழவிட்டன். அவர் விரலை நீட்டி, மண்டபம் அதிர, "இதென்ன கறை?" எண்டார்.

குனிஞ்சு பாத்தன். பால்வெள்ளை. ஒரு பொட்டுக் கறை இல்லை.

முன்வரிசையிலை ஒரு அம்மா, "கறை ஒண்டும் இல்லையே தம்பி, நல்ல துப்புரவாத்தானே இருக்கு!" எண்டா. சனம் கொல்லெண்டு சிரிச்சுது. திரைக்குப் பின்னாலை சறோ அக்கா, "குளிர்தண்ணியிலை ஊறவைச்சு எடுத்தனான்" எண்டு ஆருக்கோ பெருமையாச் சொன்னது எனக்குக் கேட்டுது. அது சரிதான். ரத்தக்கறையைச் சுடுதண்ணியிலை போடக்கூடாது எண்டு அவவுக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கள்தானே.

தேவன் அண்ணை பாவம், என்னையும் ஏப்ரனையும் மாறிமாறிப் பாத்தார். வேர்த்துப்போச்சு மனுசனுக்கு. கடைசியிலை தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஒண்டும் இல்லை. நான்தான் பிழையாப் பாத்திட்டன். அப்ப நான் வாறன்" எண்டு திரும்பி நடக்கத் தொடங்கிட்டார்!

அக்கா, அந்த ஒரு நிமிசத்தை உங்களுக்கு எப்பிடிச் சொல்ல? அவர் வெளியாலை போனால் கதை முடிஞ்சுது. பெர்த்தா தப்பிட்டாள், மார்த்தா மறியலுக்கைதான். கறை இல்லை, கண்டவன் இல்லை, கேக்க ஆளில்லை. வசனம் வரும் எண்டு பக்கத்திரையைப் பாத்தன். யூடித் கொப்பியை நெஞ்சோடை வைச்சுக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறாள், வாய் அசையேல்லை. இதைத்தானே நான் பதினாலு வருசம் செய்தனான் எண்டு அப்பதான் எனக்கு உறைச்சுது. ஆரும் காணேல்லை எண்டு பேசாமல் நிண்டது.

"நில்லுங்கோ" எண்டு கத்தினன். தேவன் அண்ணை துள்ளித் திரும்பினார். "கறை இல்லைத்தான். நீங்கள் பிழையாப் பாக்கேல்லை. நான்தான் செய்தனான்."

அதுக்குப் பிறகு வசனம் எல்லாம் வந்தது. அடுப்பு, பிள்ளையின்ர உடுப்பு, கிழவன், மார்த்தா. ஆனால் நிப்பாட்ட ஏலாமல் போச்சு. "அந்தக் கடைசி வண்டிலை நான் பாக்கேல்லை. பொக்கற்றுக்குள்ளை கைவிட்டுப் பாக்கேல்லை. பஸ் போயிடும் எண்டு ஓடினனான். எனக்காண்டி அவ பேச்சு வாங்கினவ" எண்டு சொல்லிக்கொண்டே போனன். சனத்துக்கு அது ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லை. நாடகமெண்டுதான் நினைச்சினம். சிரிச்ச சனம் அழுதுது. அந்த முன்வரிசை அம்மா மூக்கைச் சிந்தினது மேடைக்குக் கேட்டுது.

ஒரேயொரு ஆளுக்கு மட்டும் தெரிஞ்சது. கொப்பியை வைச்சிருந்த ஆளுக்கு.

எல்லாரும் போனாப் பிறகு யூடித் கதிரையளை அடுக்கிறதை விட்டிட்டு வந்தாள். "அன்ரி, வண்டில், பொக்கற் எல்லாம் அம்மான்ர கொப்பியிலை இல்லையே." சொல்லிட்டன் அக்கா. முழுக்கச் சொல்லிட்டன். அவள் ஏப்ரனின்ர கயிறை விரலிலை சுத்திக்கொண்டு இருந்தாள். பிறகு, "செலாமுக்குத் தெரியுமோ?" எண்டாள். இல்லை எண்டன். "அப்ப என்னட்டை ஏன் சொல்லுறீங்கள்? எனக்கு அம்மாவைத் தெரியும். அங்கை போய்ச் சொல்லுங்கோ." உங்கட குரல்தான், அச்சொட்டா.

பேந்து கொப்பியைத் திறந்து அந்தக் கடைசிக் காட்சியைக் காட்டினாள். ஓரத்திலை பென்சிலாலை உங்கட கையெழுத்து. "இந்த இடத்திலை மலருக்கு வசனம் எடுத்துக்குடுக்காதை. எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை. அவளாச் சொல்லட்டும்." நான் அந்தத் தரையிலை இருந்து குழறி அழுதிட்டன். நாடகத்துக்குத்தான் எழுதினீங்களோ, எனக்கு எழுதினீங்களோ? ஏனக்கா ஒருநாளும் என்னட்டை வாய்விட்டுக் கேக்கேல்லை?

போன ஞாயிறு ஹவுகெட்டோவுக்குப் போனன். செலாம் அங்கை மூண்டாம் மாடியிலை இருக்கிறாள். கதவைத் திறந்து, என்னைக் கண்டு, சிரிச்சுக் கட்டிப்பிடிச்சாள். அதுதான் பொறுக்க ஏலாமல் இருந்தது. கோப்பி வறுக்கப் போனவளை மறிச்சு, "முதல் கேள்" எண்டு எனக்குத் தெரிஞ்ச நோர்வே மொழியிலை சொன்னன். அழாமல் சொன்னன். அழுதால் அவள் என்னைத் தேத்த வெளிக்கிடுவாள், அதுக்கு எனக்கு என்ன உரிமை?

அவள் கையைத் தூக்கி, அந்த மடங்காத ரெண்டு விரலையும் பாத்தாள். "நீ எனக்குப் பக்கத்திலை இருந்தனி" எண்டாள். "ஒவ்வொரு நாளும். நான் அவவைத் திட்டேக்கை நீ கேட்டுக்கொண்டு இருந்தனி." ஓம் எண்டன். "ஏன் இப்ப வந்து சொல்லுறாய்? அவ இருக்கேக்கை ஏன் சொல்லேல்லை?" கதவைத் திறந்து பிடிச்சாள். "போ மலர்" எண்டாள். வந்திட்டன். ஸ்டேசனிலை ரெண்டு ரயிலை விட்டிட்டு இருந்தன்.

அவள் என்னை மன்னிக்கேல்லை அக்கா. மன்னிக்கவேணும் எண்டு நானும் கேக்கேல்லை. ஆனால் முந்தநாள் போனிலை அவளிட்டை இருந்து ஒரு வரி வந்தது. "றெஜினாவை எங்கை வைச்சிருக்கிறியள்? எனக்கு வழி தெரியாது."

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. நானும் யூடித்தும் செலாமைக் கூட்டிக்கொண்டு உங்களிட்டை வாறம். அவள் இஞ்செரா கொண்டுவருவாளாம், எங்கட வீட்டு இடியப்பத்தை நான் கொண்டுவாறன். மெழுகுதிரியை அவள்தான் கொளுத்தவேணும், எந்தக் கையாலை எண்டாலும். நான் எப்பன் தள்ளி நிப்பன். நீங்கள் ரெண்டுபேரும் முதல் கதைச்சு முடியுங்கோ.

உங்களுக்கு ஒரு வாக்குத் தாறன். இந்த நாடகத்தை எங்கை போட்டாலும் ஏப்ரனைத் தோய்ச்சுத்தான் போடுவம், சறோ அக்காவுக்கும் சொல்லிட்டன். கறை இல்லாமலே ஒவ்வொரு தரமும் நான் அந்தப் பொலிஸ்காரனை மறிச்சுச் சொல்லுவன். உங்கட பேர் கிடந்த இடத்திலை இனி என்ர பேர்தான் கிடக்கும் அக்கா.

கூடப்பிறக்காமலே நீங்கள் காத்த உங்கட தங்கச்சி,
மலர்